பேடர் மூழ்கவில்லை

அன்பு மகனுக்கு,

உன் கலியாணப் பூசையில், இறந்தவர்களுக்கான மன்றாட்டில் வாசிக்கவென்று நீ கோயிலில் கொடுத்திருக்கும் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்துவிடு. அந்தோனி யூட், உன் சித்தப்பா. அவன் சாகவில்லை. யாழ்ப்பாணத்தில் படகு எஞ்சின் திருத்திக்கொண்டு, பிறெஷருக்குக் குளிசை போட்டுக்கொண்டு, என்னைவிடக் கூடுதலான தலைமயிரோடு உயிருடன் இருக்கிறான்.

இதை நேரிலேயே சொல்லியிருக்கலாம். போன சனிக்கிழமை பேஸ்மென்ற்றில் உன் ஞானஸ்நானப் பத்திரத்தைத் தேடப்போன நீ, பழைய சூட்கேசுக்குள் என் அகதிக் கேஸ் கடதாசிகளைக் கண்டாய். அதில் 'சகோதரர்: அந்தோனி யூட், இறந்துவிட்டார்' என்ற வரியை வாசித்துவிட்டுப் படியேறி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாய். அப்போதே சொல்லியிருக்கலாம். "அப்பா, ஐ ஆம் சோ சொறி. ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை? ஹீ வாஸ் ஒன்லி செவன்ரீன்" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நீ என்னைக் கட்டிப்பிடித்ததே இல்லை. அவ்வளவு காலத்துக்குப் பிறகு கிடைத்ததை, 'தம்பி, உது பொய்யடா' என்று சொல்லிக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முதுகைத் தடவிக்கொடுத்தேன். போதாததற்கு ஒரு பெருமூச்சும் விட்டேன். சித்தப்பாவின் பெயரை உனக்கு மாமனாராக வரப்போகிற கோர்டனின் குடும்பப் புத்தகத்திலும் சேர்க்கிறேன், மன்றாட்டிலும் சேர்க்கிறேன் என்று நீ சொன்னபோது, "உன்ரை விருப்பம் ராசா" என்றேன். குசினியில் நின்ற உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையை உனக்கு எழுதிக்காட்ட எனக்குத் தமிழ் போதாது.

நீ கார் எடுத்துக்கொண்டு உன் ஸ்ரௌவ்வில் வீட்டுக்குப் போனதும் அவ தொடங்கினா. "இஞ்சேருங்கோ, உயிரோட இருக்கிற மனிசனுக்குப் பெடியன் மன்றாடப்போறான். இப்பவாவது வாயைத் திறக்கிறியளோ, இல்லாட்டி நான் திறக்கட்டோ?" அவ வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்துக்கும் தெரியும். ஆகவே நானே திறக்கிறேன்.

ஏன் இதைப் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதுகிறேன் என்று கோபிக்காதே. தமிழ்க் கடைகளில் கறிவேப்பிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் இலவசமாகக் கிடக்கும் இந்தப் பத்திரிகையில் இருபது வருடமாக ஊராரைப் பகிடி பண்ணி எழுதுகிறவன் நான். யார் வீட்டுச் சாமத்திய வீட்டுக்குப் பெரியபிள்ளையானவள் ஹெலிகொப்ரரில் வந்து இறங்கினாள், எந்தச் சங்கத்தின் தலைவர் எந்தச் செயலாளரோடு பேச்சில்லை என்பதையெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டேன். மிச்சம் இருப்பது நான்தான். தனியாக உனக்கு எழுதினால் என் குணத்துக்கு அதிலும் இரண்டு பொய்யைச் சேர்த்துவிடுவேன். ஊர் வாசிக்க எழுதினால் உன் அம்மா வரிக்கு வரி திருத்துவா. என் பெயர் போடவில்லை. போடாமலே, மோர்னிங்சைட் தொடக்கம் மிசிசாகா வரை குறைந்தது ஐம்பது தகப்பன்மார் தங்களைத்தான் எழுதினேன் என்று என்னோடு கோபிப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சட்டத்தரணியிடம் 'என்ரை நண்பர் ஒருவர்' என்று தொடங்கி ஆலோசனையும் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கடை நண்பரை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லுங்கோ அண்ணை" என்றார். நண்பர் கேட்கவில்லை.

இனி நோர்வேக்கு வருகிறேன், ஏனென்றால் என் வாயைத் திறக்க வைத்தது உன் அம்மா மட்டுமல்ல, அங்கே செத்துப்போன ஒரு மீனவனும்தான். லோறாவின் தகப்பன் கோர்டன் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கும். சஸ்காச்சுவானிலிருந்து விமானம் ஏறி வந்த ஓய்வுபெற்ற வாத்தியார், அம்மா சுட்ட பலகாரத்தை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு ஒரு தடித்த கோப்பை மேசையில் வைத்தார். சம்பந்தியாக வரப்போகிறவர் முதற் சந்திப்பிலேயே கோப்பு விரித்ததும் நான் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினேன். அவர் கேட்டதோ என் பூட்டனின் பெயர். கலியாணத்துக்கு ஒரு புத்தகம் அச்சடிக்கப்போகிறாராம், பாதி அவர்களின் குடும்பம், பாதி எங்கள் குடும்பம். எங்கள் பாதி பிறகு நிரம்பும். அவருடைய பாதி பதினொரு வருடமாக ஒரு ஆளில் தடக்குப்பட்டு நின்றது.

அந்த ஆள் நோர்வேயிலிருந்து கனடாவுக்கு வந்த லூயிஸ் ஜோன்சன், கோர்டனின் பாட்டனின் தகப்பன். அவரைப் பற்றிக் குடும்பத்துக்குத் தெரிந்தது கொஞ்சம். வட நோர்வேயில் இன்ன பங்கில் இன்ன வருடம் பிறந்தவர். கையில் ஒரு சின்னச் செபப்புத்தகம், அதன் முதற்பக்கத்தில் 'ஞானத்தாய் பெரிட் தந்தது' என்று ஒரு வரி. தகப்பனும் தாயும் ஒரே தம்பி பேடரும் ஒரு புயலில் ஒரே படகோடு மூழ்கிவிட, ஒருவரும் இல்லாமல் தனியாகக் கப்பலேறியவர். அந்தத் தம்பிக்காக யேசு பிறந்த நத்தாருக்கு முதல்நாள் அவர்கள் வீட்டு யன்னலில் ஒரு லாம்பு கொளுத்தி வைக்கிறார்கள். போன நத்தாருக்கு லோறாவோடு சேர்ந்து நீயும் கொளுத்தினாய், எனக்குப் படம் அனுப்பினாய்.

கோர்டன் நோர்வே முழுக்க ஜோன்சன் குடும்பத்தைத் தேடியிருக்கிறார். அப்படியொரு குடும்பமே இல்லை. "அவருடைய அப்பாவின் பெயர் ஜோன் மாதிரி ஏதாவதாக இருக்கும், அதுதான் கடைசிப் பெயராக வந்திருக்கும்" என்று நான் சொன்னபோது அவர் பலகாரத் தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பெரிய அறிஞன் என்று நினைத்துவிட்டார் பாவம். இதில் என்ன அறிவு? என் அப்பாவின் பெயர் எனக்குக் கடைசிப் பெயர், என் பெயர் உனக்குக் கடைசிப் பெயர். ஒரே வீட்டில் ஏன் இரண்டு குடும்பப் பெயர் என்று உன் பள்ளிக்கூடத்தில் கேட்ட நாளிலிருந்து நான் பதில் சொல்லிக் களைத்தவன். அந்தக் காலத்து நோர்வேக்காரரும் எங்களைப்போலத்தான். யோஹானஸின் மகன் என்பது கப்பலால் இறங்கி ஜோன்சன் ஆகிவிட்டது. லார்ஸ் என்ற பெயர் லூயிஸ் ஆகிவிட்டது. அதற்கும் மேலாக அவர்கள் இருந்த பண்ணையின் பெயர் ஒன்று இருந்தது, அது அங்கேயே தங்கிவிட்டது.

தேடும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். அன்பினால் என்று நீ நினைத்தாய். வம்பினால். நோர்வேக்காரர் தங்கள் பழைய கோயில் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அடுத்த வீட்டுப் பிறப்பு, கலியாணம், சாவு, யார் வயிற்றில் யார் பிள்ளை, எல்லாம் சும்மா இருந்து வாசிக்கலாம் என்றால் என்னைப்போன்றவன் விடுவானா? விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள என் கார்கோ ஒபிசில் மத்தியானப் பிட்டை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மற்றக் கையால் பாதிரியாரின் கையெழுத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். பிறந்தார், ஞானஸ்நானம் பெற்றார், மணமாகாதவர், வெளியேறினார், அடக்கம் செய்யப்பட்டார் என்ற ஐந்து சொல்லை முதலில் பாடமாக்கினேன். ஒரு மனிதனைப் பற்றி வம்பளக்க அந்த ஐந்தும் காணும்.

அந்தப் பங்கில் அந்த வருடம் யோஹானஸின் மகன் லார்ஸ் என்று மூன்று குழந்தைகள். கோர்டன் என்றால் அந்த இடத்தில் கையை விரித்திருப்பார். ஆனால் பதிவேட்டின் வலதுபக்க ஓரத்தில் ஞானப் பெற்றோரின் பெயர்கள் பொடி எழுத்தில் இருந்தன. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த யாழ்ப்பாணத்தான் அந்த ஓரத்தைப் பார்க்காமல் விடமாட்டான். ஞானத்தாயாக யாரைக் கேட்பது, யாரைக் கேட்காமல் விட்டால் யார் கதவைச் சாத்துவார்கள், கேட்டபிறகு யார் தங்கச் சங்கிலியோடு வருவார்கள் என்பதெல்லாம் எங்கள் வீடுகளில் யுத்தம். உன் ஞானஸ்நானத்துக்கு உன் பெரியம்மாவைக் கேட்காமல் விட்டதற்கு அவ நாலு வருடம் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. மூன்றாவது லார்ஸின் ஓரத்தில் அவள் நின்றாள்: பெரிட், மணமாகாதவர், நெஸ் பண்ணை. தாயின் தங்கச்சி. நான் கார்கோ ஒபிசில் கதிரையை விட்டு எழும்பிக் கத்தினேன். தீப்பிடித்துவிட்டதாக்கும் என்று பிலிப்பினோப் பெடியன் ஒருவன் வெளியே ஓடினான்.

கோர்டனுக்கு அழைத்துச் சொன்னேன். பதினொரு வருடம் தேடியவர் மூக்கை உறிஞ்சினார். "பேடர் மூழ்கிய திகதியையும் எடுத்துத் தாருங்கள். புத்தகத்தில் அவனுக்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கிறேன்" என்றார்.

அடக்கப் பதிவேட்டைத் திறந்தேன். லார்ஸ் ஊரைவிட்டு வெளியேறிய வருடத்தில் மூழ்கினவர்கள் பலபேர் இருந்தார்கள். பேடர் இல்லை. அதற்கு முதல் வருடத்திலும் இல்லை. தாய் எப்போதோ காய்ச்சலில் போயிருந்தாள், தகப்பன் நெஞ்சு வருத்தத்தில் கட்டிலில் போயிருந்தார். கடல் அந்த வீட்டில் ஒருவரையும் தொடவில்லை. பிறகு பின்னால் வந்த வருடங்களைப் புரட்டினேன், தினமும் மத்தியானம் ஐந்தாறு பக்கம். பேடர் வந்தான். சனத்தொகைக் கணக்கெடுப்பில் வந்தான்: நெஸ் பண்ணை, மீனவர், மணமாகாதவர், வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. அயலாரின் பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பனாக வந்தான், ஒருதரம் அல்ல, ஒன்பது தரம். ஒன்பது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனவன் சஸ்காச்சுவானில் லாம்பாக எரிந்துகொண்டிருந்தான். அண்ணன் கப்பலேறி முப்பத்தெட்டு வருடம் கழித்துத்தான் அவனுடைய அடக்கம். அந்தப் பக்கத்தைக் கண்ட அன்று பிட்டு அப்படியே இருந்தது.

லார்ஸ் ஏன் தம்பியைக் கொன்றான் என்று கோர்டனால் கண்டுபிடிக்க ஏலாது. எந்தக் கடதாசியிலும் அது இல்லை. காணிச் சண்டையாக இருக்கலாம், 'வந்து கூட்டிப்போகிறேன்' என்று சொல்லிப் போனவன் திரும்பிப் போகாமல் விட்டதாக இருக்கலாம். வராத கடிதத்துக்குக் காரணம் சொல்வதைவிடச் செத்துவிட்டான் என்று சொல்வது சுகம். செத்தவனைப் பற்றி அடுத்த கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள். இதை நான் ஊகிக்கவில்லை ராசா, அனுபவத்தில் சொல்கிறேன். கோர்டன் மறுபடி அழைத்து, "பேடர் கிடைத்தானா?" என்று கேட்டபோது என் வாய் என்னைக் கேட்காமலே, "அந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது" என்றது. "பரவாயில்லை, கடல் கொண்டுபோனது போனதுதான்" என்று அவர் எனக்கே ஆறுதல் சொன்னார். லார்ஸ் ஒருதரம் மூழ்கடித்தான், நான் இரண்டாந்தரம்.

இனி என் கடதாசிக்கு வருகிறேன். ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது எனக்கு இருபது வயது. என் முதுகில் உள்ள தழும்பை நீ சின்ன வயதில் விரலால் தொட்டு 'இது என்ன றோட்டு?' என்று கேட்பாய். அந்த றோட்டு உண்மை. ஆமி பிடித்தது உண்மை, பதினொரு நாள் உண்மை. அதை எழுதிக் கொடுத்திருந்தால் காணும். ஆனால் அந்தக் காலத்தில் கேஸ் எழுதிக் கொடுக்கிற அண்ணை ஒருவர் இருந்தார், ஒரு பேஸ்மென்ற்றில் தட்டச்சு இயந்திரத்தோடு. என் கதை முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "தம்பி, உன்ரை கதையிலை ஒரு சாவும் இல்லையே. சாவில்லாத கேஸ் நிக்காது" என்றார். "வீட்டிலை ஆர் ஆர்?" அம்மா, அப்பா, தம்பி என்றேன். "அம்மா அப்பாவை விடு. பிறகு ஸ்பொன்சர் பண்ணவேணும். தம்பிக்கு எத்தினை வயது?" "பதினேழு அண்ணை." அவர் கண்ணைத் திறந்தார். "அது காணும்" என்று சொல்லிவிட்டுத் தட்டத் தொடங்கினார். கோயில் வாசலில் ஷெல் விழுந்து என் தம்பி செத்துப்போனதற்கு அரை நிமிடம் கூட எடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'இல்லை' என்று சொல்ல வாயெடுத்தேனா என்று இத்தனை வருடமாக யோசித்துப் பார்க்கிறேன். எடுக்கவில்லை. பால் விடாத பிளேன்ரி தந்தார், குடித்தேன்.

அகதி விசாரணையில் தீர்ப்புச் சொல்ல இருந்தவ கண்ணாடி போட்ட ஒரு வயதான பெண். முதுகைப் பார்த்தா, பதினொரு நாளைப் பற்றிக் கேட்டா, உண்மையைச் சொன்னேன். யூட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து கடதாசிகளை அடுக்கும்போதுதான், "உங்கள் தம்பிக்காக வருந்துகிறேன்" என்றா. நான் அழுதுவிட்டேன். நடிப்பில்லை. விக்கி விக்கி அழுதேன், மொழிபெயர்ப்பாளர் கண் துடைக்க ரிசு எடுத்துத் தந்தார். அன்றைக்கே ஏற்றுக்கொண்டார்கள். வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது விளங்கியது, அவனைக் கொல்லாமலே இது கிடைத்திருக்கும்.

ஒருதரம் எழுதினால் முடிந்தது என்று நினைத்தேன். கடதாசிக்குப் பசி ஆறாது. என் அப்பா போய்ச்சேர்ந்தபிறகு உன் அப்பம்மாவைக் கூப்பிட ஸ்பொன்சர் விண்ணப்பப் பாரம் அனுப்பினேன். பெற்ற பிள்ளைகள் எல்லோரையும் எழுதவேண்டிய இடத்தில் என்னை மட்டும் எழுதச் சொன்னேன். ஏன் என்று கேட்டா, சொல்லவேண்டி வந்தது. "நான் பெத்ததை இல்லையெண்டு நான் எழுதமாட்டன்" என்று பாரத்தை மடித்து வைத்துவிட்டா. தம்பியிடம், கனடாவில் குளிராம், தனக்கு ஒத்துவராது என்று சொன்னா. கடைசி வரை அவனோடுதான் இருந்தா. அவன்தான் குளிப்பாட்டினான், அவன்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனான். செத்தவீட்டுக்கு நான் இரண்டு கிழமை போய் அவன் வீட்டில் படுத்தெழும்பி, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில் உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கேட்பதற்குப் பத்திரிகை வாசகர்களும் இருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை இன்றைக்கே லோறாவுக்கு மொழிபெயர்த்துச் சொல். நான் உன் அம்மாவுக்குக் கலியாணத்துக்கு முதல் சொல்லவில்லை. செத்துப்போன மைத்துனர் என்று நம்பி அவ முதல் மாதமே யூட்டின் ஆன்மாவுக்குப் பூசை கொடுத்தா, எனக்கும் வெள்ளைச் சேர்ட் போட்டுக் கூட்டிப்போனா. மூன்றாம் மாதம் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது: 'அன்புள்ள அண்ணி, அண்ணையைச் சாப்பாட்டில் கவனமாகப் பார்க்கவும், இப்படிக்கு யூட்.' அவ அதை மேசையில் வைத்து, "செத்தவை உங்கடை ஊரிலை கடிதமும் போடுவினமோ?" என்று கேட்டா. ஒன்பது நாள் பேச்சில்லை. பத்தாம் நாள் பேசியதை எழுத இந்தப் பத்திரிகையில் இடம் போதாது.

நீ பிறந்தபிறகு எனக்குப் பயம் கூடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் கீறச் சொல்வார்கள், பிள்ளை வாய் சும்மா இராது. அதனால் சனிக்கிழமைகளில் தொலைபேசியில் வருகிறவனை உனக்கு வீட்டுப் பெயரில் காட்டினேன், 'செல்வன் அங்கிள்' என்று. ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்கிற தூரத்துச் சொந்தம் என்று. ஓம், உனக்கு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தொலைபேசியில் பாட்டுப் பாடுவானே, நீ வெட்கத்தில் ரிசீவரை என்னிடம் எறிவாயே, அந்தச் செல்வன்தான் யூட். ஒருநாள் அவன் கேட்டான், "பெடியன் ஏன் அண்ணை என்னை அங்கிள் எண்டுறான்?" என்று. "இங்கை எல்லாரும் அப்பிடித்தான்ரா" என்றேன். "ஓ" என்றான்.

உன் கலியாணம் சரிவந்தது என்றவுடன் அவன் வாய்விட்டுக் கேட்டான். வாழ்க்கையில் முதற்தடவை ஒன்று கேட்டான். "என்னையும் விசிற்றிலை கூப்பிடன் அண்ணை. வந்து பெடியனைப் பாத்திட்டு ஓடிவந்திடுறன்." ஸ்காபரோவில் அப்போது வீட்டுக்கு இரண்டு விசிற் விசா ஆட்கள். அவனுடைய ஒழுங்கையில் முக்கால்வாசிப்பேர் நயாகராவின் முன்னால் நின்று படம் போட்டுவிட்டார்கள். நானோ, விசா இப்போது கொடுக்கிறார்கள் இல்லை என்றேன், பிறகு மண்டபத்தில் இடம் காணாது என்றேன், பிறகு குளிர் என்றேன். மே மாதக் கலியாணத்துக்குக் குளிர். அழைப்புக் கடிதத்தில் 'என் தம்பி' என்று நான் எழுதினால் என் கோப்பில் அவன் செத்துக் கிடக்கிறான். அதைச் சொல்லாமல், வந்த தம்பி திரும்பிப் போகமாட்டான் என்று பயப்படுகிற வெளிநாட்டு அண்ணன் போல நடித்தேன். அவன் அதையே நம்பினான்.

நீ கட்டிப்பிடித்துவிட்டுப் போன மறுநாள் முதலில் கோர்டனுக்குப் பேடரின் பக்கங்கள் எல்லாவற்றையும் அனுப்பினேன். பக்கம் கிழியவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்றும் எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஒரு வரி வந்தது: 'பேடருக்கு ஒரு பக்கம் வைத்திருந்தேன், இனி அது போதாது.' ஏன் மறைத்தேன் என்று அவர் கேட்கவில்லை. வாத்தியார் அல்லவா, பிள்ளை தானாகச் சொல்லும்வரை காத்திருக்கிறார்.

அந்த வரியைப் பார்த்தபிறகு, புதன்கிழமை காலை வேலைக்குப் போகாமல் தம்பிக்கு அழைத்தேன். அங்கே பின்னேரம், பட்டறையில் ஏதோ எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னண்ணை, இண்டைக்குச் சனிக்கிழமை இல்லையே?"

"செல்வன், ஒரு விசயம் சொல்லவேணும்."

"விசிற் விசயமோ? விடண்ணை. நான் அங்கை வந்து ஒளிச்சிடுவன் எண்டு பயப்பிடுறாய். எனக்கு விளங்குது."

"உது இல்லையடா. நான் வந்த புதுசிலை கேஸ் எழுதேக்கை, நீ செத்துப்போனாய் எண்டு எழுதிக் குடுத்திட்டன். அதுதான் உன்னைக் கூப்பிட ஏலாமக் கிடக்கு."

எஞ்சினை நிற்பாட்டினான்.

"எப்பிடிச் செத்தனான்?"

"ஷெல் விழுந்து."

"எங்கை?"

"கோயில் வாசல்லை."

"அப்ப எனக்கு எத்தினை வயது?"

"பதினேழு."

"சீ, மீசையும் ஒழுங்கா முளைக்கேல்லை" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் சிரித்துத்தான் கடந்தோம், இதுவும் கடந்துவிட்டது என்று நினைத்தேன். அவனுடைய சிரிப்பு நின்றபிறகும் என்னுடையது கொஞ்ச நேரம் ஓடியது.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"அதாலையோ அவ கனடாவுக்கு வராமல் விட்டவ?"

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"குளிர் எண்டல்லோ எனக்குச் சொன்னவ. நான் அவவை ஏசியிருக்கிறன் அண்ணை. எத்தினை தரம் பேசியிருக்கிறன். மூத்தவனிட்டைப் போய்ச் சுகமா இராமல் ஏனணை என்ரை உயிரை வாங்கிறாய் எண்டு. படுக்கையிலை கிடக்கேக்கையும் பேசினனான். அவ ஒண்டும் சொல்லேல்லை. சிரிச்சவ."

அதோடு வைத்துவிட்டான். அதன்பிறகு நான் அழைத்தால் எடுப்பதில்லை. பதினாறு தரம் அழைத்துவிட்டேன்.

என் பொய் என்னையும் அவனையும் மட்டும் பிடித்தது என்று நினைத்திருந்தேன் மகனே. அது போய் உன் அப்பம்மாவின் கட்டிலடியில் இருந்து, அவன் வாயால் அவவை ஏசியிருக்கிறது. கேட்டுக்கொண்டு அவ சிரித்திருக்கிறா. இதற்கு எந்தப் பாரத்தில் திருத்தம் எழுதிக் கொடுப்பது? குடிவரவுக்காரர் நாளைக்குக் கதவைத் தட்டினால் அவர்களுக்கு நான் பதில் சொல்வேன், அது பெரிய காரியமில்லை. அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கலியாணம் முடிந்து நீங்கள் இருவரும் உங்கள் பயணம் போனபிறகு நான் யாழ்ப்பாணம் போகிறேன். கதவைத் திறப்பானோ தெரியாது. திறக்காவிட்டால் பட்டறை வாசலில் இருப்பேன்.

நேற்று அவனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. உன் அம்மா பக்கத்தில் நிற்கத்தான் கேட்டேன், தனியே கேட்கத் தைரியம் வரவில்லை. எனக்கு ஒரு சுகம் விசாரிப்பும் இல்லை, அண்ணை என்றும் இல்லை. நேரே தொடங்கினான்: "பெடியனுக்கும் அந்தப் பிள்ளைக்கும் என்ரை ஆசீர்வாதம். செத்தவன் குடுக்கிற ஆசீர்வாதம் செல்லுமோ எண்டு உன்ரை மகனிட்டைக் கேட்டுச் சொல்லு."

கேட்டுவிட்டேன். அவனுடைய தொலைபேசி இலக்கத்தைத் தனியாக உனக்கு அனுப்பியிருக்கிறேன். பதிலை எனக்குச் சொல்லாதே. உன் சித்தப்பாவுக்குச் சொல்.

அப்பா